றுமானாவின் நாற்பத்திரண்டு சஹன்

கற்பிட்டியில் சைக்கிளில் போகும் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒரு விரல் என் மனைவி றுமானா. சைக்கிள் கைப்பிடியில் மூடிபோட்ட சட்டிகள் இரண்டு தொங்கும். பள்ளம் வந்தால் மூடிகள் அடித்துக்கொள்ளும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்த ஓசை கடைத்தெரு முனையில் கேட்டதுமே கோழிக்கடைக்காரர் கையிலிருக்கும் சொப்பிங் பையைக் கீழே வைத்துவிட்டுத் தராசைத் துடைக்கத் தொடங்குவார். முதலில் சட்டியை நிறுக்க வேண்டும், பிறகு கோழியோடு நிறுக்க வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். அந்தக் கழித்தல் அவருக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

என் பெயர் மிஹ்லார். அதே தெருவில் மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, பிரிட்ஜ் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில். றுமானா முன்பள்ளி ஆசிரியை. முப்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பழகியவளுக்கு என் கோபம் முப்பத்தோராவது பிள்ளையின் அழுகை மாதிரித்தான். அதுவாகவே ஓயும் என்று விட்டுவிடுவாள்.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பொருளாதார நெருக்கடியில் நாடே வரிசையில் நின்றபோது நாங்களும் நின்றோம். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. அப்போது களப்போரத்தில் மீன் விற்கும் மார்த்தா அக்கா சூடும் குளிரும் வெளியே போகாத பழைய ரெஜிபோம் மீன்பெட்டி ஒன்றைத் தந்தார். றுமானா அதை மூன்று நாள் எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவினாள். அரிசியைப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, சட்டியை அப்படியே என் பழைய சாரங்களில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே ஒரு போர்வையையும் போர்த்தினாள். ஒரு மணித்தியாலத்தில் சோறு தானாக வெந்திருந்தது. அந்த மாதங்களில் நான் சைக்கிளில் கடைக்குப் போனேன், அவள் என் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போனாள்.

பிறகு காஸ் வந்தது, பெற்றோல் வந்தது. பழைய குருடி கதவைத் திறடி என்று ஊர் முழுக்க மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டது. நானும் ஏறினேன். இவள் மட்டும் இறங்கவில்லை, எனக்கென்று இருந்த சைக்கிளையும் எடுத்துக்கொண்டாள்.

"இனி என்னத்துக்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"இல்லாமலும் வாழ ஏலும் எண்டு தெரிஞ்சு போச்சே. பொறகு என்னத்துக்கு அது?" என்றாள்.

அதற்குப் பின் ஒரு பங்குனி மாதத்தில் முன்பள்ளியில் வெக்கை தாங்காமல் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். பத்து மணிக்கே பள்ளியை மூடிவிட்டு வந்து, பர்தாவைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள் என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. "காலையில பத்து மணிக்கு வெளிய நிண்டு வெளாட ஏலாத ஊரா இந்தப் புள்ளைகளுக்குக் குடுக்கப் போறம்?" என்றாள்.

"நீ சோத்தப் பெட்டிக்குள்ள வெச்சா ஒலகம் குளிர்ந்துருமா?" என்றேன்.

"குளிராது. அதுக்காகச் சூடாக்குறதுல நானும் ஒரு கை போடணுமா?"

அதிலிருந்து வீட்டில் புதுப்புதுச் சட்டங்கள். மாட்டிறைச்சி வெள்ளிக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் களப்பு மீன், சாளை, பருப்பு, முருங்கை. கிழமைக்கு ஒருநாள்தான் இஸ்திரிப்பெட்டி சூடாகும்; அன்றைக்கு ஆறு நாள் உடுப்பும் வரிசையில் நிற்கும். சமையலறைக் கழிவெல்லாம் தென்னையடிக் குழிக்கு. புத்தளத்துக்குப் போவதென்றால் பஸ். மழைத்தண்ணீர் பீப்பாய் ஒன்றைக் குளியலறைக் கூரைக்குக் கீழே வைத்தாள்; அதில் நுளம்பு வந்ததும் வலை கட்டினாள்; வலையைப் பூனை கிழித்ததும் மறுபடி கட்டினாள். பிரிட்ஜ் பழுதானபோது புதிது வாங்கலாம் என்று வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஊர்ர பிரிட்ஜெல்லாம் திருத்துறீங்க, எங்கட மட்டும் செத்துப்போச்சா?" என்றாள். திருத்தினேன். இன்றும் ஓடுகிறது.

உண்மையைச் சொன்னால் வீடு முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. பெட்டிச் சோறு குழைவதில்லை. சாளையும் முருங்கையும் என் உடம்புக்கு ஒத்துக்கொண்டன. ஆனால் ஊருக்குள் அவளுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. பஹீல் என்றார்கள். எங்கள் பேச்சில் அதைவிடக் கேவலமான பெயர் குறைவு. கையை இறுக்கி வைத்திருக்கும் கஞ்சன் என்று பொருள். கடைக்கு வருகிறவர்கள், "இண்டைக்கும் சோறு போர்வைக்குள்ள தூங்குதா?" என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சேர்ந்து சிரித்தேன் என்பது பாதிதான். அந்தப் போர்வைக் கதையை ஊருக்கு முதலில் சொன்னதே நான்தான்.

இப்படி இருக்கையில் எங்கள் மகள் அஸ்னாவுக்குப் புத்தளத்தில் மாப்பிள்ளை சரிவந்தது. பையன் பெயர் ஹஸ்மி, நல்ல பிள்ளை. அவனுடைய உம்மா ஸஹ்றா ராத்தா பேச்சும் சிரிப்பும் உரத்தவர். பெண் பார்க்க வந்த அன்று அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"இது என்ன தங்கச்சி, புள்ளத் தொட்டிலா?"

"சோறு, ராத்தா" என்றாள் றுமானா.

ஸஹ்றா ராத்தா சிரித்த சிரிப்பில் பல்லி ஓடியது. புறப்படும்போது வாசலில் நின்று, "எங்கட ஆக்கள் நல்லாத் தின்னுவாங்க தங்கச்சி. கலியாணத்தண்டைக்கு இந்தப் பெட்டிச் சோறு காணாது" என்றார். கூட வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். றுமானா மட்டும் செருப்புகளை நேராக வைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கலியாணச் சாப்பாடு சஹனில்தான். அகலமான ஒரு தட்டில் புரியாணியைக் குவித்து, மேலே கோழி, ஓரத்தில் இறைச்சிக்கறி, சம்பல், அச்சாறு வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. எங்களைப் போன்ற வீட்டில் கலியாணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அறுபது சஹன் சொல்வார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். மிஞ்சியது பின்வளவில் குழிக்குள் போகும். போன வருடம் உறவுக்காரர் வீட்டுக் கலியாணத்தில் பதினான்கு சஹன் சோற்றைக் குழியில் கொட்டி மண் போட்டதை றுமானா நின்று பார்த்தாள். "என்ட புள்ளட கலியாணத்துல ஒரு பிடி சோறும் மண்ணுக்குப் போகாது" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். பிடித்த முயலுக்கு மூன்று கால்தான்.

அவள் விரும்பியது ஒருபக்கம். மறுபக்கம், கலியாணத்தில் சோறு குறைந்துவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். மணமகளின் பேரப்பிள்ளைகளுக்குப் பெண் கேட்கும்போதும் அந்தக் கதை வரும். அதுவும் ஏற்கெனவே பஹீல் என்று பெயரெடுத்தவள் வீட்டில் குறைந்தால்!

நோன்புப் பெருநாள் முடிந்து பதினோராம் நாள், சித்திரை பிறக்க மூன்று நாள் இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நிக்காஹ் என்று முடிவானது. றுமானா கொப்பியோடு சைக்கிளில் அழைப்புச் சொல்லப் போனாள். முதல் மூன்று வீட்டில், "எத்தன பேர் வருவீங்க?" என்று நேரே கேட்டுவிட்டாள். மூன்றாவது வீட்டுக்காரி, "தலைய எண்ணியா சோறு போடப் போறீங்க? அப்ப நாங்க வரல்ல" என்று கதவைச் சாத்தினாள். முகம் சிவந்து வீட்டுக்கு வந்தாள். நான் சொன்னேன்தானே என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் புதுக் கேள்வியோடு புறப்பட்டாள். "உங்கட வீட்டுல யாருக்கு வர ஏலாது? அவங்களுக்கு நான் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பணும்." அவ்வளவுதான். எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. "உம்மா படுக்கையில." "மூத்தவன் கத்தாரில." "மருமகளுக்கு ஒம்பது மாசம்." வர முடியாதவர்களைச் சொல்லும்போது மனிதருக்கு எவ்வளவு சந்தோஷம்! கோழிக்கடைக்காரருக்குப் பிடிக்காத அதே கழித்தலை வைத்து, வீட்டிலுள்ள தலைகளில் வர முடியாதவர்களைக் கழித்து, வருகிறவர்களைக் கண்டுபிடித்தாள். கதவைச் சாத்திய வீட்டுக்கும் மறுபடி போய், அந்த வீட்டுக்காரியின் நோயாளி மாமிக்குச் சாப்பாடு அனுப்புவதாகச் சொல்லி சமாதானமாகி வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ்ஸிலும் ஒரு வேனிலும் வருவதாகச் சொன்னதால், அந்த பஸ் நிற்கும் இடத்துக்கே போய் ஆசனங்களை எண்ணினாள். கடைசியில் கொப்பியை மூடிவிட்டு, "வீட்டுக்கு அனுப்புறதும் சேத்து நாப்பத்தொண்டு. சமைக்கிற ஆக்களுக்கு ஒண்டு. நாப்பத்திரண்டு சஹன்" என்றாள்.

"நாப்பத்திரண்டா? ஊருல மானம் போயிரும் றுமானா!"

"போகாது. ஒவ்வொரு சஹனுலயும் ஆறு பேர் இருக்கிற மாதிரி நான் பாத்துக்கொள்றன். ஆறு பேர்ட சஹனுல நாலு பேர் இருந்து எழும்பிப் போறதாலதான் மிஞ்சிறது."

அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கலியாணத்துக்கு முதல் நாள் கடையிலிருந்து சமையல்காரர் நளீம் நானாவுக்கு அழைப்பெடுத்தேன். "நானா, இன்னும் பத்துச் சஹனுக்கு உங்கட வீட்டுலயே ஆக்கி, வேனில வெச்சுக் கொண்டு வாங்க. றுமானாக்குத் தெரிய வேணாம்." சொல்லி முடித்ததும்தான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிவாசலிலிருந்து கண்ணாடிக் கோப்பைகளும் தண்ணீர்க் கூசாக்களும் இரவல் வாங்கியிருந்தாள். ஒரு பிளாஸ்டிக் போத்தல் இல்லை. பெரிய பாத்திரத்தில் சர்பத். முன்பள்ளியில் பிள்ளைகளை உட்கார்த்துவது போலவே பெண்கள் பக்கம் ஒவ்வொரு சஹனுக்கும் ஆறு பேரைச் சேர்த்தாள். "மாமி, இஞ்சால வாங்க, இதுல ஒராள் குறையுது." ஆண்கள் பக்கத்தை என்னிடம் விட்டிருந்தாள். எனக்குச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கவே பயம். வாசலைப் பார்ப்பதும், அடுக்கியிருந்த சஹன்களைப் பார்ப்பதுமாகவே நேரம் போனது.

இரண்டரை மணிக்குக் கடைசி ஆள் கைகழுவினார். வீடுகளுக்கு அனுப்பியதோடு நாற்பத்தொரு சஹன் போயிருந்தது. ஒன்று சமையல்காரர்களுக்கு. ஒரு ஆள்கூடப் பசியோடு எழும்பவில்லை. றுமானா தூணோடு சாய்ந்து நின்று மூக்குத்தி மின்னச் சிரித்தாள். கலியாணப் பெண்ணைவிட அவள்தான் அழகாக இருந்தாள், சத்தியமாக.

அந்த நேரம் பார்த்து நளீம் நானா வந்தார். "மிஹ்லார், வேனில இருக்கிற பத்துச் சஹன் சோத்தையும் என்ன செய்ற?"

றுமானா என்னைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுத் தப்பியிருப்பேன். அவள் சிரிப்பு மட்டும் முகத்திலிருந்து போனது.

"அறுவது பேர்ட சோறு" என்றாள். "இந்த வெக்கையில பொழுதுபட்டு மஃரிபு தொழ முந்திப் பழுதாப் போயிரும். வேன எடுக்கச் சொல்லுங்க."

சட்டிகளை எல்லாம் வாரிக்கொண்டு புறப்பட்டோம். அக்கம்பக்கம் முழுவதும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டிருந்தது. வயிற்றைத் தடவிக் காட்டினார்கள். மத்ரஸாவுக்குப் போனோம். பிள்ளைகள் பெருநாள் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். காவல்காரர் ஒரு சட்டி எடுத்துக்கொண்டார். "மார்த்தா அக்காட பக்கம் போவம். அங்க அம்பது குடும்பம் இருக்கு" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

களப்போரத்தில் மார்த்தா அக்கா மூடியைத் திறந்து நன்றாக முகர்ந்து பார்த்தார். பிறகு மூடியைப் போட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்தார்.

"தம்பி, இது மாட்டிறைச்சியெல்லோ?"

"ஓம் அக்கா. நல்ல இறைச்சி."

"இண்டைக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. குருத்தோலை ஞாயிறுக்கு முதல் வெள்ளி. நாங்க இறைச்சி தொடமாட்டம். முப்பது வருசமா எங்கட கையால மீன் வாங்குறீங்க, இது தெரியாதா?"

நோன்பும் பெருநாளும் எங்களுக்கு மட்டும்தான் வரும் என்பது போல நான் நாளைப் பார்த்திருக்கிறேன். நாற்பது வயது தாண்டிய மனிதன், ஒரு மைல் தூரத்தில் இருக்கிறவர்களின் நோன்பு தெரியாமல் வேன் நிறையப் புரியாணியோடு நின்றேன். மார்த்தா அக்காவுக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, அழாதயுங்கோ. நாளைக்குச் சனி. சனிக்கிழமை நாங்க சாப்பிடுவம். ரீச்சர், உங்கட சட்டியெல்லாம் இறக்குங்கோ. ஐஸ் இருக்கு."

சோற்றைச் சின்னச் சின்னச் சட்டிகளில் பிரித்து, இறுக்கி மூடி, மீனுக்கு வைத்திருந்த ஐஸில் கழுத்துவரை புதைத்தோம். கலியாண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஐஸ் அள்ளினேன். றுமானா பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு மூடிகளைச் சரிபார்த்தாள். என்னோடு ஒரு சொல் பேசவில்லை. மார்த்தா அக்காவோடு பேசினாள், ஐஸோடுகூடப் பேசியிருப்பாள். ஆனால் ஒரு பிடி சோறும் மண்ணுக்குப் போகவில்லை.

நாங்கள் திரும்பும்போது பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டோடு வந்து இருப்பார். ஹஸ்மியை விட்டுவிட்டு அவர்கள் வீட்டார் பஸ் ஏற நின்றார்கள். முற்றம் நிறையப் பெண்கள், ஊர்க்காரிகளும் புத்தளத்துக்காரிகளும். வேன் நிறையச் சோறு போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஸஹ்றா ராத்தா என்னைக் கண்டதும் உரத்த குரலில் தொடங்கினார்.

"மிஞ்சினாத்தான் கலியாணம்! நான் பயந்துக்கிட்டுத்தான் வந்தன் தம்பி. பத்துச் சஹனாமே, நளீம் நானா சொன்னாரு. உங்கட கை பெரிய கை. தங்கச்சிட கையில மட்டும் விட்டிருந்தா நாங்க பட்டினியாத்தான் போயிருப்பம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் இத்தனை நாள் ஆசைப்பட்டது இந்தச் சொல்லுக்குத்தான். தலையை ஆட்டிச் சிரித்தால் போதும். பெரிய கைக்காரன் என்று ஊர் முழுக்கப் பேசும். றுமானா காலிச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள். நான் சிரிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

"ராத்தா" என்றேன். "அது பெரிய கை இல்ல, பயந்தாங்கொள்ளிக் கை. நீங்க எல்லாரும் வயிறாரத் தின்னது றுமானா சொன்ன நாப்பத்திரண்டு சஹனுலதான். அதுல ஒரு பிடியும் மிஞ்சல்ல, ஒராளுக்கும் குறையல்ல. வேனில போனது, அவ கணக்க நம்பாம நான் களவா ஆக்கினது. பழுதாப் போயிருக்கும். அதக் காப்பாத்தினதும் அவதான். போர்வைச் சோறு எண்டு அவவப் பாத்து ஊரச் சிரிக்க வெச்சதும் நான்தான். அவ பஹீல் இல்ல. எங்கட வீட்டுல அவ்வளவு தாராளமான ஆள் வேற இல்ல."

ஸஹ்றா ராத்தா என்னையும் பார்த்தார், றுமானாவையும் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு சஹனா?" என்றார். "நான் அறுவது எண்டல்லவா நெனச்சன்." பிறகு றுமானாவின் கையிலிருந்த சட்டிகளில் இரண்டை வாங்கிக்கொண்டு அவளோடு அடுப்படிக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. பஸ் ஓட்டுநர் மூன்று தடவை ஹோன் அடித்த பிறகுதான் வெளியே வந்தார்.

எல்லோரும் போனபின் றுமானா காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சமையல்காரர்கள் எடுத்து வைத்திருந்ததில் ஒரு தட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அடுப்படி வாசலில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கோவமா?" என்றேன்.

"ஓம்" என்றாள். தட்டை வாங்கிக்கொண்டாள். நாலைந்து வாய் சாப்பிட்டாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கலியாணம் முடிச்சு இருவத்திமூணு வருசம். ஊருக்கு முன்னால எனக்காக வாயத் தொறந்தது இண்டைக்குத்தான்."

அவள் பக்கத்தில் வெறும் நிலத்தில் உட்கார்ந்தேன். தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினாள்.